நீர்நாய்க்குள்ளே ரேடியோ

கண்ணாடிக் கடைக்காரருக்கு அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் என்ன என்று கேட்டால் அந்தத் தெருவில் பாதிப் பேர் விழிப்பார்கள். 'ரேடியோ' என்று கேட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்லிவிடுவார்கள். அவருக்கும் அந்தப் பெயரில் வருத்தம் எதுவும் கிடையாது. நிஜ ரேடியோவையாவது அணைத்து வைக்கலாம் என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வதில்தான் கொஞ்சம் வருத்தம்.

மூக்குக்கண்ணாடி விற்கிறவருக்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்று கேட்கலாம். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகவாயைச் சோதனைக் கருவியின் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறார். எழுந்து ஓடவும் முடியாது, குறுக்கே பேசவும் முடியாது. இப்படி ஒரு ஆள் மாட்டினால் யார்தான் விடுவார்கள்? சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர் கடைசி வரியில் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே ரேடியோ தன் மைத்துனர் வீடு மாறிய கதையைத் தொடங்கியிருப்பார். லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் கர்ரென்று கத்தினால், அதற்கு மேலே குரலை ஏற்றுவார். ஆனால் தொழிலில் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் வளைத்துக் கொடுத்த பிரேம் மூக்கில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். காதுக்குப் பின்னால் அழுத்துகிறது என்று யாராவது திரும்பி வந்தால், கதையின் மீதியைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று அவர் உறுதியாக நம்பினார்.

இப்படிப்பட்டவர் ஒரு வாரம் முழுக்க வாயே திறக்கக் கூடாத ஒரு வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்றால் தெருவில் யாரும் இன்றுவரை நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். நடந்தது நடந்ததுதான்.

அந்த வருஷம் வட்டார விளையாட்டுப் போட்டி அவர்கள் நாட்டுக்கு வந்தது. அக்கம்பக்கத்து நாடுகள் அத்தனையும் கலந்துகொள்ளும் திருவிழா. ஒரே ஊரில் வைத்தால் மற்ற ஊர்கள் முகத்தைத் தூக்கிக்கொள்ளும் என்று நான்கு நகரங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். தொடக்க விழா, ஓட்டப்பந்தயம், டி.வி. வெளிச்சம் எல்லாம் தலைநகரத்துக்கு. நீச்சலும் படகும் துறைமுக நகரத்துக்கு. சைக்கிள் பந்தயத்தை மலைநகரம் சண்டை போட்டு வாங்கிக்கொண்டது. கடலும் இல்லாமல் மலையும் இல்லாமல் நடுவில் கிடந்த ரேடியோவின் ஊருக்கு, பொருட்காட்சிக் கூடம் ஒன்று சும்மாதானே இருக்கிறது என்று பேட்மிண்டனைத் தள்ளிவிட்டார்கள். அதிலும் அரையிறுதி வரைதான் இங்கே. இறுதி ஆட்டமும் மூன்றாம் இடத்துக்கான ஆட்டமும் தலைநகரத்தில். அடுப்பில் வேகிறது நாங்கள், இலையில் உட்காருவது அவர்களா என்று ஊர்க்காரர்கள் கொஞ்ச நாள் பொருமினார்கள். பிறகு சாலை நடுவே புதிதாகப் பூந்தொட்டிகள் வந்ததும் சமாதானமாகிவிட்டார்கள்.

ரேடியோவுக்குப் பூந்தொட்டியெல்லாம் கண்ணில் படவில்லை. அவருடைய ஒரே மகள் நாட்டின் பேட்மிண்டன் அணியில் இருந்தாள். பிறந்து வளர்ந்த ஊரிலேயே அவள் ஆடப் போகிறாள். அதைப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை.

அனுமதி மறுத்தது சங்கமோ அரசாங்கமோ அல்ல, மகளேதான். அவள் தலைநகரத்துப் பயிற்சி விடுதியிலிருந்து போனில் அம்மாவிடம், "மேட்ச் நம்ம ஊர்லதான்மா. நீ கண்டிப்பா வா" என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அப்பா கடையைப் பார்த்துக்கட்டும்" என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் பிரேமுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்த ரேடியோ, தேவைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டார்.

காரணம் இருக்கிறது. மகள் ராக்கெட் பிடிக்கக் கற்ற காலத்திலிருந்து ரேடியோ அவளுடைய ஒரு ஆட்டத்தையும் விட்டவரில்லை. போனவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? "முன்னாடி ஏறு, முன்னாடி!", "அந்தப் பொண்ணுக்கு மூச்சு வாங்குது பாரு!" என்று ஆட்டம் முடியும்வரை நேர்முக வர்ணனைதான். நடுவர் முறைப்பார், பக்கத்தில் இருப்பவர்கள் இடம் மாறுவார்கள், இவர் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருப்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் மண்டல இறுதி ஆட்டம். கடைசி செட்டில் எதிராளிக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளிதான் வேண்டும். ஷட்டில் உயரமாக எழும்பி மகளின் தலைக்கு மேலே பின்கோட்டை நோக்கிப் போனது. அடிப்பதா விடுவதா என்று அவள் யோசித்த அந்த நொடியில், பக்கவாட்டு வரிசையிலிருந்து "விடு! வெளியே போகுது!" என்று ஒரு குரல் கூரையைத் தொட்டது. அவள் விட்டுவிட்டாள். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த குரலாயிற்றே. ஷட்டில் கோட்டின் மேலேயே வந்து சாவகாசமாக விழுந்தது.

ஊருக்கெல்லாம் கண் பார்த்துச் சொல்கிறவருக்கு ஒரு கோடு தெரியவில்லை. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும் என்று அவர் வீடு வரும்வரை விளக்கம் சொன்னார். மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தி எப்படியாவது சமாளித்திருப்பார். வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "இனிமே என் மேட்சுக்கு வராதீங்கப்பா" என்றாள். அதோடு சரி. அடுத்த மாதமே விடுதிக்குப் போய்விட்டாள். வாரம் தவறாமல் அம்மாவுக்குப் போன் வரும். கடைசியில் போன் இவர் கைக்கு வரும். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்பா. நீங்க?" "ஆச்சு." ஊரையே பேசி மயக்குகிறவருக்கு மகளிடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை தேறாது.

போட்டிக்கு முன்னால் நகரசபை வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். போட்டியின் சின்னம் ஒரு நீர்நாய். ஏன் நீர்நாய் என்று கேட்காதீர்கள், அமைப்பாளர்களுக்கே தெரியாது. நான்கு நகரத்துக்கும் நான்கு நீர்நாய் வேஷம் தைத்தாகிவிட்டது. உள்ளே புகுந்துகொள்ள ஆள் வேண்டும். அரங்கத்துக்குள் எங்கேயும் போகலாம், ஆனால் பேசக் கூடாது. ரேடியோ அந்த அறிவிப்பின் முன்னால் நின்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு நேராகக் கடைக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"நீங்களா?" என்றாள் மனைவி. "பேசாமலா?" என்றாள். "ஒரு வாரமா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மேல தலை இருக்கு, கீழ வால் இருக்கு. நடுவுல நான் எங்கே தெரியப் போறேன்?"

"நீங்க தெரியமாட்டீங்க. உங்க வாய் தெரியும்."

"சத்தியமா சொல்றேன், ஒரு சத்தம் வராது."

"ஏங்க, அவ வேண்டாம்னு சொல்லியிருக்கா. தெரிஞ்சா இப்ப பேசற நாலு வார்த்தையும் பேசமாட்டா. வேண்டாங்க இந்த விஷப் பரீட்சை."

ரேடியோ கையிலிருந்த துணியால் ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். "மூணு வருஷமாச்சு. அவ இப்ப எப்படி அடிக்கிறான்னுகூட எனக்குத் தெரியாது. பேப்பர்ல போட்டோ பார்த்துத் தெரிஞ்சிக்கிறேன். எனக்குப் பார்க்கணும். அவ்வளவுதான்."

அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசி மனைவி கேட்டதே இல்லை. "என்னமோ பண்ணுங்க" என்று எழுந்து போனாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆள் எடுக்கிற இடத்தில் கல்லூரிப் பையன்கள் விளக்குக் கம்பம் விளக்குக் கம்பமாக வரிசையில் நின்றார்கள். தைத்த வேஷமோ குட்டையான, உருண்டையான ஆளுக்குத்தான் பொருந்தும். யாருடைய அளவில் தைத்தார்களோ தெரியாது, ரேடியோ உள்ளே நுழைந்ததும் தோல் போல உட்கார்ந்தது. பொறுப்பாளர் ஓர் இளம்பெண். இடுப்பில் வாக்கி டாக்கி, கழுத்தில் அடையாள அட்டைகள் கொத்தாக, முகத்தில் தூக்கமே பார்க்காத களைப்பு. அவள் ஒரே மூச்சில் விதிகளைச் சொன்னாள்.

"அங்கிள், நல்லா கேட்டுக்குங்க. வாயைத் திறக்கவே கூடாது. ஆளுங்க எதிர்ல தலையைக் கழற்றக் கூடாது, குழந்தைங்க பயந்துடும். ஒரு ஊர்ல ஒரு நீர்நாய்தான், இன்னொன்னு பக்கத்துல வந்து நின்னா மொத்தமும் கெட்டுது. அப்புறம் முக்கியமானது. ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சதும் ஜெயிச்சவங்க முன்னாடி போய் ஆடணும். எந்த நாடா இருந்தாலும் சரி. நீர்நாய்க்கு எல்லாரும் ஒன்னுதான்."

"அதுக்கென்ன, ஆடிட்டாப் போச்சு" என்றார் ரேடியோ.

"பேசக் கூடாதுன்னு சொன்னேன்."

"இன்னும் தலையை மாட்டலியேம்மா."

வேஷத்துக்குள் அவர் பட்ட பாடு தனிக்கதை. தலைக்குள் ஒரு சின்ன விசிறி வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டிருக்கும். காற்று வருகிறதா என்றால் சத்தம் மட்டும்தான் வரும். நீர்நாயின் வாயில் இருக்கும் வலை வழியாகத்தான் உலகத்தைப் பார்க்க வேண்டும். முதல் நாள் அவருடைய மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து, வரவேற்புக்கு வந்த பிரமுகர் என்று நினைத்துத் தூணுக்கு வணக்கம் வைத்தார். அடுத்த நாள் லென்ஸில் சோப்பைத் தடவித் துடைத்துக்கொண்டு வந்தார், அதன் பிறகு ஆவி படியவில்லை. வால்தான் அடங்கவில்லை. இவர் ஒரு பக்கம் திரும்பினால் அது ஒரு கணம் கழித்து மறுபக்கம் போய் எதையாவது தட்டிவிடும்.

கடை வாசலில் 'கண் வலி காரணமாக விடுமுறை' என்று மனைவி எழுதித் தொங்கவிட்டாள். கண்ணாடிக் கடைக்காரருக்கே கண் வலியா என்று தெருவில் இரண்டு நாள் அதுவே பேச்சு.

மகளுடைய முதல் ஆட்டத்தன்று ரேடியோவின் இடம் பின்கோட்டுக்கு நேராக, விளம்பரப் பலகைகளுக்குப் பின்னால் ஒரு முக்காலி. அதைவிட நல்ல இடம் அந்த அரங்கத்திலேயே கிடையாது. மகள் கோர்ட்டுக்குள் வந்தாள். தோள் அகன்றிருந்தது. முடியை ஒட்ட வெட்டியிருந்தாள், அது எந்தப் பேப்பர் போட்டோவிலும் வரவில்லை. அவள் எம்பி அடித்த முதல் ஸ்மாஷ் தரையில் மோதிய சத்தத்தில் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. 'பலே!' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தலையைத் தாங்கும் முகவாய்ப் பட்டை வாயருகே இருந்தது. அதை லபக்கென்று கடித்துக்கொண்டார். வாரம் முழுக்க அந்தப் பட்டைதான் அவர் மானத்தைக் காப்பாற்றியது.

அவள் ஜெயித்தாள். இசை ஒலித்தது. நீர்நாய் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! சுற்றிச் சுற்றி வந்தது, குதித்தது, படுத்து உருண்டது. வால் பட்டு ஓரத்தில் இருந்த பூந்தொட்டி ஒன்று உடைந்தது. மகள் சிரித்துக்கொண்டே நீர்நாயின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். மூன்று வருஷத்தில் அவள் கை அவர் மேல் பட்டது அதுதான் முதல் தடவை. உள்ளே ரேடியோ அழுதாரா என்று கேட்டால் வியர்வை என்று சொல்வார். நம்ப வேண்டாம்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆடணும் அங்கிள்" என்று பொறுப்பாளர் பெண் அவரை ஓரங்கட்டிச் சொன்னாள். "முன்னாடி ஆடின பொண்ணுக்கு ரெண்டு கையை ஆட்டினதோட சரி. இந்தப் பொண்ணுக்கு இந்த ஆட்டமா?"

அடுத்த ஆட்டத்திலும் மகள் ஜெயித்தாள். மாலையில் அவள் அம்மாவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, கிளம்பும்போது, "அப்பா கடையிலயா?" என்று கேட்டாள். "வேற எங்கே போவார்?" என்றாள் அம்மா. பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம், அவசரமாகக் கைப்பைக்குள் எதையோ தேடியது. வீட்டுக்கு வந்து இதை அவரிடம் சொன்னாள். 'கேட்டாளா? அவளாகவே கேட்டாளா?' என்று அன்று ரேடியோ அந்த ஒரு வரியையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அரையிறுதியில் எதிரே வந்தது பக்கத்து நாட்டுப் பெண். ஒல்லி உடம்பு, ஆனால் காற்று மாதிரி ஓடினாள். மகள் முதல் செட்டை எடுத்தாள், இரண்டாவதை விட்டாள். மூன்றாவது செட்டில் ரேடியோவுக்கு ஒன்று புரிந்தது. மகள் ஷட்டிலை விடுவதே இல்லை. வெளியே போகிறதையும் ஓடிப்போய் அடிக்கிறாள். தெளிவாக வெளியே விழ வேண்டியதை எல்லாம் எட்டி எடுத்து, எதிராளியின் கையில் வெண்ணெய் போலக் கொடுக்கிறாள். எதிராளியும் அதைக் கண்டுகொண்டு வேண்டுமென்றே நீளமாகத் தூக்கிப் போட ஆரம்பித்தாள். நீர்நாய்க்குள் பட்டையைக் கடித்தபடி, 'விட்டுடு கண்ணு, விட்டுடு' என்று ரேடியோ மனசுக்குள்ளேயே கதறிக்கொண்டிருந்தார்.

எதிராளிக்கு ஒரே ஒரு புள்ளி பாக்கி. ஷட்டில் எழும்பியது. உயரமாக, நிதானமாக, அவளுடைய தலைக்கு மேலே, நேராக அவர் உட்கார்ந்திருந்த திசையை நோக்கி வந்தது. இந்தத் தடவை அவர் பக்கவாட்டில் இல்லை. கோட்டுக்கு நேர் எதிரே இருந்தார். அது வெளியேதான் விழும் என்று அவருக்குத் துளி சந்தேகம் இல்லை. மகள் பின்னால் வந்தாள். ராக்கெட் பாதி உயர்ந்து நின்றது. அவள் தயங்கினாள். ஒரு சொல் போதும். ரேடியோ பல்லைக் கடித்தார். கடித்த கடியில் பட்டை அறுந்துபோயிற்று. சத்தம் வரவில்லை.

மகள் அடித்தாள். வலுவில்லாத அடி. வலைக்கு அருகே தாழ்ந்து வந்த ஷட்டிலை எதிராளி எம்பிக் குத்தினாள். ஆட்டம் முடிந்தது.

இசை ஒலித்தது.

பொறுப்பாளர் பெண் ஓரத்திலிருந்து கையைக் காட்டினாள். நீர்நாய் எழுந்திருக்கவில்லை. அவள் மறுபடியும் காட்டினாள். ரேடியோ எழுந்தார். அறுந்த பட்டையால் தலை ஆடியது, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டின் நடுவே போனார். ஜெயித்த பெண் முழங்காலிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவளும் யாரோ ஒருவர் பெற்ற பிள்ளைதானே. அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு ரேடியோ ஆடினார். தன் பெண் தோற்றதற்குத் தானே ஆடினார். சுற்றினார், கைதட்டினார், இடுப்பை ஆட்டினார். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆட வேண்டும் என்று சொல்லியிருந்தார்களே. மேலே பார்வையாளர் வரிசையில் அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபடி அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடி முடித்ததும் அவரைக் கூடத்துக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் கொண்டுபோய் விட்டார்கள். உதிரி வலைகள், சுருட்டிய ரப்பர் விரிப்புகள், உடைந்த நாற்காலிகள். பொறுப்பாளர் பெண் தண்ணீரும் பட்டையைத் தைக்க ஊசி நூலும் கொண்டுவரப் போனாள். ரேடியோ தலையைக் கழற்றக் கை வைத்தார். கதவு திறந்தது.

மகள் நின்றாள். தோளில் ராக்கெட் பை, கழுத்தில் துண்டு.

"கொஞ்ச நேரம் இங்கே உட்காரட்டுமா? வெளியே ஆளாளுக்கு ஆறுதல் சொல்றாங்க, தாங்க முடியல. நீங்க ஒருத்தர்தான் பேசமாட்டீங்க."

நீர்நாய் கையை இறக்கியது. அவள் கதவைச் சாத்திவிட்டு ரப்பர் விரிப்புச் சுருளின் மேல் உட்கார்ந்தாள்.

"நல்லா ஆடுனீங்க" என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் அவரைக் குத்தியது.

பிறகு அவள் கேட்டாள். "ஒன்னு கேக்கணும். கடைசியா வந்த ஷட்டில். நீங்க கோட்டுக்கு நேரா இருந்தீங்கல்ல? நான் விட்டிருந்தா வெளியே விழுந்திருக்குமா?"

நீர்நாய் ஆடிய தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

"சொல்லக் கூடாது, தெரியும். பரவால்ல." துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். துண்டுக்குள்ளிருந்தே பேச ஆரம்பித்தாள். "எனக்கு ஷட்டிலை விடவே வரமாட்டேங்குது. கோச் தலைபாடா அடிச்சிக்கிறார். ஒரு தடவை எங்கப்பா கத்தினார், நான் விட்டேன், தோத்தேன். அதுலேர்ந்து உசரமா ஒன்னு வந்தாலே அவர் கத்தப் போறார்னு காதுக்குள்ள ஒரு படபடப்பு. அவர் கத்தறதுக்குள்ள அடிச்சிடணும்னு எல்லாத்தையும் அடிச்சிடறேன். அவர் அங்கே இல்லவே இல்ல, நான்தான் வராதீங்கன்னு சொல்லிட்டேன். அப்பவும் அப்படித்தான்."

துண்டை இறக்கினாள். கண் சிவந்திருந்தது.

"ஆனா இன்னைக்குக் கடைசி ஷட்டில் வந்தப்ப நான் நின்னேன். எதுக்கு நின்னேன் தெரியுமா? அவர் ஏதாவது சொல்லுவாரான்னு. மூணு வருஷமா வரவேண்டாம்னு சொல்லிட்டு, நடுக்கோர்ட்ல நின்னுக்கிட்டு அந்த மனுஷன் குரலைத் தேடறேன். பைத்தியம்தானே நான்?"

ரேடியோவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேசினால் வேலை போகும், அது கிடக்கட்டும். மனைவிக்குச் செய்த சத்தியம் போகும், அவளையும் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் ஏமாற்றிவிட்டீர்களே என்று மகள் எழுந்து போய்விட்டால்? வாரத்துக்கு ஒரு தடவை வரும் அந்த 'சாப்பிட்டீங்களா'வும் நின்றுபோனால்? பேசாமல் இருந்துவிட்டால் ஒன்றும் கெடாது. இன்னும் இரண்டு நிமிஷத்தில் அவள் போய்விடுவாள். யாரோ ஒரு நீர்நாயிடம் புலம்பினோம் என்று மறந்தும்விடுவாள். ஆனால் அந்த ஷட்டில் என்ன ஆயிருக்கும் என்று ஆயுசு முழுக்க யோசித்துக்கொண்டிருப்பாள்.

"ஒரு சாண் வெளியே, பாப்பா" என்றார்.

காலையிலிருந்து பேசாத குரல், கரகரவென்று வந்தது. ராக்கெட் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது. எழுந்து வந்தாள். குனிந்து நீர்நாயின் வாயிலிருந்த வலைக்குள் உற்றுப் பார்த்தாள்.

"அப்பா?"

அவர் தலையைக் கழற்றினார். முடியெல்லாம் நெற்றியில் ஒட்டி, மூக்குக்கண்ணாடி கோணலாகத் தொங்கியது. எது பேசினாலும் தப்பாகிவிடும் என்ற பயத்தில் விழித்துக்கொண்டு நின்றார்.

"இத்தனை நாளும் நீங்களா?"

"ம்."

"பூந்தொட்டியை உடைச்சது?"

"வால் பட்டுடுச்சு."

"நான் தோத்ததுக்கு அந்த ஆட்டம் ஆடுனது?"

"யார் ஜெயிச்சாலும் ஆடணும்னு விதி, கண்ணு." கோணலாகத் தொங்கிய கண்ணாடியை நிமிர்த்தினார். "ஆடி முடிக்கிறதுக்குள்ள எனக்கு உசுரே போயிடுச்சு."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையாக மாறியது, அவருடைய ரோமத் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அங்கிருந்தே கேட்டாள்.

"வெளியே போகுதுன்னு தெரிஞ்சுதுல்ல? ஏன்பா சொல்லல?"

"நீதானே வேண்டாம்னே."

அவள் தோளை விடவில்லை. வெளியே அடுத்த ஆட்டக்காரர்களை ஒலிபெருக்கியில் அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளன்னைக்குத் தலைநகரத்துல மேட்ச்" என்றாள். "மூணாவது இடத்துக்கு."

"தெரியும். ஆனா அங்கே வேற ஒரு ஆள் இருக்கார். ஒரு ஊர்ல ஒரு நீர்நாய்தான்னு..."

"நீர்நாயை யாருப்பா கூப்பிட்டா? உங்களைத்தான் கூப்பிடறேன். முன்வரிசையில வந்து உட்காருங்க. என்ன தோணுதோ கத்துங்க. எதைக் கேக்கறது, எதை விடறதுன்னு நான் பார்த்துக்கறேன்."

கதவு திறந்தது. ஊசி நூலும் தண்ணீர் பாட்டிலுமாகப் பொறுப்பாளர் பெண் நின்றாள். தலையில்லாத நீர்நாய், அதன் தோளில் சாய்ந்துகொண்டு நாட்டின் முன்னணி ஆட்டக்காரி. "அங்கிள்!" என்று அலறினாள். "விதி என்ன, நீங்க பண்றது என்ன?"

ரேடியோ வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, நீர்நாய்த் தலையை அவசரமாக எடுத்து மாட்டப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம் கொடுங்கக்கா" என்றாள் மகள். "இவர் எங்கப்பா."